லொகார்னோவை மூலத்தில் படிக்க எந்தத் தளம்? நான்கு இலவச ஆவணச் சேவைகள் பற்றிய மதிப்புரை

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளின் உடன்படிக்கைகளைப் பாடநூல்கள் ஆளுக்கொரு வரியில் முடித்துவிடுகின்றன. 1919-இன் வெர்செய்ல்ஸ் ஜெர்மனியைத் தண்டித்தது, 1925-இன் லொகார்னோ சமாதானம் செய்துவைத்தது, 1928-இன் கெல்லாக்–பிரியாண்ட் போரைச் சட்டவிரோதமாக்கியது. இந்த வரிகளில் எது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க மூல வாசகத்தைத் திறந்தாக வேண்டும். இன்று அதற்கு ஜெனீவாவுக்கோ லண்டனுக்கோ போக வேண்டியதில்லை. பைசா செலவும் இல்லை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை நான்கு தளங்கள். ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கைத் தளத்தில் இருக்கும், அச்சபைக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கத்தின் உடன்படிக்கைத் தொடர் ஒன்று. ஆய்வாளர்கள் இதை எல்.என்.டி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுச் சங்க ஆவணக் காப்பகத்தை மின்வடிவாக்கிய லொன்டாட் திட்டத்தின் தளம் இன்னொன்று. யேல் பல்கலைக்கழகச் சட்ட நூலகம் நடத்தும் அவலான் தளமும், அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம் வைத்திருக்கும் தொகுப்பும் மற்ற இரண்டு. எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: ஓர் உடன்படிக்கை யாரை, எதற்கு, எந்த நாள் முதல், எந்த நிபந்தனையோடு கட்டியது என்பதை எந்தத் தளம் முழுதாகக் காட்டுகிறது?

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். எல்.என்.டி.எஸ்.தான் முதலிடம். அந்தக் காலத்து உடன்படிக்கைகளின் உயிர் பெரும்பாலும் முதன்மை வாசகத்தில் இல்லை. பின்னிணைப்பில் இருக்கும், கையெழுத்தோடு சேர்த்த நெறிமுறை என்ற துணை ஆவணத்தில் இருக்கும், கையெழுத்திட்ட நாடு பின்னர் முறைப்படி உறுதிசெய்யும் ஏற்புறுதியின் தேதியில் இருக்கும். அவற்றையும் சேர்த்துத் தருவது இந்தத் தொடர்தான். தளம் கையாளச் சிரமமானது. அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அவலானைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். படம் இல்லாத வெறும் எழுத்துப் பக்கங்கள், பழைய வடிவமைப்பு. மெதுவான இணைப்பிலும் கைபேசியிலும் சட்டென்று திறக்கும். வெர்செய்ல்ஸின் 440 பிரிவுகளும் பகுதிவாரியாக உள்ளன. லொகார்னோவின் ரைன் உடன்படிக்கை, கெல்லாக்–பிரியாண்ட், 1938 செப்டம்பர் 29 தேதியிட்ட மியூனிக் உடன்படிக்கை, 1939 ஆகஸ்ட் 23-இன் ஜெர்மன்–சோவியத் ஒப்பந்தமும் அதன் ரகசிய நெறிமுறையும் கிடைக்கின்றன. முதல் வாசிப்புக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் இது அச்சு நூல்களிலிருந்து மறுபடி தட்டெழுதிய வாசகம். மூலப் பக்கத்தின் படம் கிடையாது, அச்சுப் பக்க எண் கிடையாது, சங்கத்தின் பதிவு எண் கிடையாது. தட்டெழுத்துப் பிழை ஒன்று இருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் அங்கே இல்லை. வெர்செய்ல்ஸ் தனித்தனிப் பக்கங்களாகப் பிரிந்து கிடப்பதால் முழு உடன்படிக்கைக்குள்ளும் ஒரு சொல்லை ஒரே தடவையில் தேடவும் முடியாது. ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட இதை மட்டும் நம்பக் கூடாது.

இனி எல்.என்.டி.எஸ். இந்தத் தொடர் பிறந்ததே ஒரு கொள்கையால். ரகசிய உடன்படிக்கைகள்தான் 1914-க்கு இழுத்துச் சென்றன என்ற எண்ணம் போருக்குப் பின் வலுத்திருந்தது. அதனால் பன்னாட்டுச் சங்க சாசனத்தின் 18-ஆம் பிரிவு, இனி உறுப்பு நாடு செய்யும் ஒவ்வோர் உடன்படிக்கையையும் செயலகத்தில் பதிய வேண்டும், செயலகம் அதை வெளியிட வேண்டும், பதியும்வரை அது கட்டுப்படுத்தாது என்று விதித்தது. அப்படிப் பதிந்து வெளியானவை 205 தொகுதிகள். பதிவு எண்கள் 4,834 வரை போகின்றன. ஐ.நா. தளத்தில் இவை தொகுதி தொகுதியாக, அச்சுப் பக்கங்களின் ஸ்கேனாக, பி.டி.எஃப். வடிவில் கிடைக்கின்றன.

தேடும்போது முதலில் சறுக்குவது இங்கேதான். தளத்தின் முகப்பில் கண்ணில் படும் தேடல் பெரும்பாலும் 1946-க்குப் பிந்தைய ஐ.நா. உடன்படிக்கைகளுக்கானது. அதில் ‘லொகார்னோ’ என்று தட்டிவிட்டு ஒன்றும் வரவில்லை என்று திரும்பிவிடக் கூடாது. பன்னாட்டுச் சங்கத் தொடர் என்ற தனிப் பிரிவுக்குள் போய்த் தொகுதி எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே தளத்துக்கு வருவதற்கு முன்பே மேற்கோள் எண் கையில் இருக்க வேண்டும். ‘54 எல்.என்.டி.எஸ். 289’ என்றால் 54-ஆம் தொகுதி, 289-ஆம் பக்கம், அதுதான் லொகார்னோ. தொகுதியின் முகப்பில் எண் ரோமன் வடிவில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பி.டி.எஃப். காட்டும் பக்க எண்ணும் அச்சுப் பக்க எண்ணும் பொருந்தாது. முன்பக்கங்கள் சேர்வதால் சில பக்கங்கள் தள்ளியிருக்கும். ஸ்கேனுக்குள் சொல் தேடுவதை நம்பாதீர்கள். பழைய அச்சு, கலப்பு மொழிகள், மங்கலான எழுத்து எல்லாம் சேர்ந்து பாதிச் சொற்களைத் தவறவிடும். பக்க எண்ணை வைத்துப் புரட்டுவதே வேகமானது.

அடிக்கடி தேவைப்படும் எண்களைக் குறித்துக்கொள்ளலாம். ஹங்கேரியோடு செய்த ட்ரியனான் 6-ஆம் தொகுதி 187. போலந்து–சோவியத் ரீகா உடன்படிக்கை அதே தொகுதியில் 51. ஜெர்மன்–சோவியத் ரப்பல்லோ 19-இல் 247. துருக்கியோடு லொசான் 28-இல் 11. கெல்லாக்–பிரியாண்ட் 94-இல் 57. பதிவு எண் 2137. அடுத்த எண்ணான 2138, அதே தொகுதியின் 65-ஆம் பக்கத்தில், நச்சு வாயுவைத் தடைசெய்யும் 1925-இன் ஜெனீவா நெறிமுறை. ஆங்கில–ஜெர்மன் கடற்படை உடன்பாடு 161-இல் 9. பிரெஞ்சு–சோவியத் 167-இல் 395. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் மான்ட்ரூ நீரிணை உடன்படிக்கை 173-இல் 213.

சில நூல்கள் ட்ரியனானுக்கு 187 என்றும் வேறு சில 188 என்றும் காட்டுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிரெஞ்சு வாசகமும் ஆங்கில வாசகமும் மாறிமாறி அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகியிருப்பதால், யார் எந்த மொழியிலிருந்து மேற்கோள் எடுத்தார்களோ அதற்கேற்ப ஒரு பக்கம் வித்தியாசப்படும். ஒரே உடன்படிக்கைதான்.

இந்தத் தொடரின் மதிப்பு தெரிய வேண்டுமானால் லொகார்னோவைப் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். 1925 அக்டோபர் 16 அன்று லொகார்னோவில் சுருக்கொப்பமிட்டு, டிசம்பர் 1 அன்று லண்டனில் முறைப்படி கையெழுத்தானது. அதை ஒரே உடன்படிக்கை என்று பேசுகிறோம். திறந்தால் ஒரு கட்டே இருக்கிறது. இறுதி நெறிமுறை ஒன்று. அதோடு ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி ஐவரும் சேர்ந்த ரைன் உத்தரவாத உடன்படிக்கை. பெல்ஜியத்தோடும் பிரான்ஸோடும் ஜெர்மனி செய்த நடுவர் தீர்ப்பு ஒப்பந்தங்கள். போலந்தோடும் செக்கோஸ்லோவாக்கியாவோடும் செய்தவை. பக்கம் 327-இல் போலந்து, 341-இல் செக்கோஸ்லோவாக்கியா. அதற்குப் பின் 353-லும் 359-லும் பிரான்ஸ் அந்த இரண்டு நாடுகளோடு தனியே செய்த உத்தரவாதங்கள்.

இப்படி வரிசையாகப் புரட்டும்போதே விஷயம் புரிந்துவிடும். மேற்கு எல்லையை பிரிட்டனும் இத்தாலியும் உத்தரவாதம் செய்தன. கிழக்கு எல்லைக்கு வெறும் நடுவர் தீர்ப்பு நடைமுறைதான்; பிரிட்டன் கையெழுத்து அங்கே இல்லை. மூன்று வரிச் சுருக்கம் படிப்பவருக்கு இது ஒரு தகவல். அடுத்தடுத்த பக்கங்களில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பவருக்கு இது 1925-இலேயே தெரிந்திருந்த ஓட்டை.

ரைன் உடன்படிக்கையில் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியது 4-ஆம் பிரிவு. மீறல் நடந்ததாக ஒரு தரப்பு சொன்னால் விஷயம் முதலில் சங்கத்தின் நிர்வாகக் குழுவான கவுன்சிலுக்குப் போகும்; கவுன்சில் உறுதி செய்தால்தான் உதவி. அப்பட்டமான மீறல் என்றால் மட்டும் மற்றவர்கள் உடனே உதவ வேண்டும், அதுவும் அந்த மீறல் தூண்டுதலற்ற ஆக்கிரமிப்பு என்றும், எல்லை தாண்டுதலாலோ சண்டை தொடங்கியதாலோ ராணுவமற்ற மண்டலத்தில் படை திரட்டியதாலோ உடனடி நடவடிக்கை அவசியம் என்றும் அவர்களே திருப்திப்பட்டால்தான். எது அப்பட்டம் என்று தீர்மானிப்பதை உத்தரவாதம் தந்தவரிடமே விட்டுவைத்த வாசகம் இது. 1936 மார்ச் 7 அன்று ஜெர்மன் படை அந்த ராணுவமற்ற மண்டலமான ரைன்லாந்துக்குள் நுழைந்தபோது நடந்த வாதங்கள் எல்லாம் இந்தப் பிரிவைச் சுற்றியே ஓடின. மார்ச் 19 அன்று லண்டனில் கூடிய கவுன்சில் மீறல் நடந்தது என்று முடிவு செய்தது, படை நகரவில்லை.

அடுத்து பிரிவு 9. கனடா, ஆஸ்திரேலியா போன்ற தன்னாட்சி பெற்ற பிரிட்டிஷ் டொமினியன்களும் இந்தியாவும், அவற்றின் அரசாங்கங்கள் தனியே ஏற்றுக்கொண்டால் ஒழிய, இந்த உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இந்தியா அப்போது பன்னாட்டுச் சங்கத்தின் நிறுவன உறுப்பினர். வெர்செய்ல்ஸில் இந்தியாவின் பெயரால் எட்வின் மான்டேகுவும் பிகானிர் மகாராஜா கங்கா சிங்கும் கையெழுத்திட்டிருந்தார்கள். 1914-இல் லண்டனின் ஒரு பிரகடனம் இந்தியச் சிப்பாய்களை பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் போர்க்களம் வரை கொண்டுபோனதை நினைத்தால், பதினோரு ஆண்டுகளில் இப்படி ஒரு பிரிவு எழுதப்பட்டது கவனிக்க வேண்டிய ஒன்று. பாடநூல்களில் இதைக் காண்பது அரிது. பிரிவு 10-ஐயும் விடாதீர்கள்: எல்லா ஏற்புறுதிகளும் ஜெனீவாவில் ஒப்படைக்கப்பட்டு, ஜெர்மனி சங்கத்தில் சேர்ந்த பிறகே உடன்படிக்கை உயிர்பெறும். அது நடந்தது 1926 செப்டம்பர் 14. லொகார்னோ ‘1925 முதல் நடைமுறையில் இருந்தது’ என்று எழுதுவது அதனால் தவறு.

கட்டின் கடைசியில் எஃப் என்ற பின்னிணைப்பு ஒரு சிறு கடித வரைவு. ஜெர்மனிக்கு மற்ற நாடுகள் எழுதுவது. சாசனத்தின் 16-ஆம் பிரிவின்படி ஆக்கிரமிப்பாளருக்கு எதிராகச் சேர்ந்து செயல்பட வேண்டிய கடமையை, ஒவ்வொரு நாடும் தன் ராணுவ நிலைக்கும் புவியியல் இருப்பிடத்துக்கும் ஏற்ற அளவில் செய்தால் போதும் என்று அது விளக்கம் சொல்கிறது. ஆயுதம் குறைக்கப்பட்ட ஜெர்மனிக்கு இதனால் ஒரு வாசல் திறந்தது: சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக ஒரு நடவடிக்கை வந்தால், தன் மண்ணின் வழியாகப் படைகளை அனுமதிக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. உத்தரவாத உடன்படிக்கையை மட்டும் தனியாக எடுத்துத் தரும் எந்தத் தொகுப்பிலும் இந்தக் கடிதம் கண்ணில் படாது.

இதே பாடத்தை இன்னும் கூர்மையாகச் சொல்வது 1935 மே 16-இன் செக்கோஸ்லோவாக்–சோவியத் உடன்படிக்கை. 159-ஆம் தொகுதியில் 347-ஆம் பக்கம். பரஸ்பர உதவி என்று முதன்மை வாசகம் உறுதியாகப் பேசுகிறது. கையெழுத்து நெறிமுறையில்தான் முடிச்சு: தாக்கப்பட்ட நாட்டுக்கு பிரான்ஸ் உதவிக்கு வந்தால் மட்டுமே இந்த இருவரின் பரஸ்பர உதவிக் கடமை எழும். 1938 செப்டம்பரில், ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை மிரட்டியபோது, பாரிஸ் பின்வாங்கியதும் மாஸ்கோவின் சட்டக் கடமையும் கூடவே தளர்ந்ததன் காரணம் அந்தச் சில வரிகள். நெறிமுறையைப் படிக்காமல் உடன்படிக்கையை மட்டும் படித்தவர் அந்த ஆண்டின் நிகழ்வுகளைத் தவறாகவே புரிந்துகொள்வார். அதே 1938 செப்டம்பர் 20 அன்று பிராக் அரசு, 1925-இல் ஜெர்மனியோடு செய்த நடுவர் தீர்ப்பு உடன்படிக்கையின்படி விவகாரத்தைத் தீர்க்கலாம் என்று கேட்டது. 341-ஆம் பக்கத்தை ஒருமுறை படித்திருந்தால் அந்தக் கோரிக்கை வெறும் சாக்கு இல்லை, எழுத்தில் இருந்த உரிமை என்பது விளங்கும்.

இன்னொரு வசதியும் உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. தொகுதிகளின் கடைசியில் இருக்கும் பின்னிணைப்புகளில், முந்தைய தொகுதிகளில் வந்த உடன்படிக்கைகளுக்குப் பின்னர் கிடைத்த ஏற்புறுதிகள், இணைவுகள், நீட்டிப்புகள், விலகல் அறிவிப்புகள் எல்லாம் பழைய பதிவு எண்ணின் கீழ் வருகின்றன. ஆகவே ஒரு பலதரப்பு உடன்படிக்கையில் ஒரு குறிப்பிட்ட நாடு குறிப்பிட்ட ஆண்டில் இருந்ததா என்று பார்க்க முதல் தொகுதியோடு நிறுத்தக் கூடாது. பொதுச் சுட்டித் தொகுதிகளில் பதிவு எண்ணைத் தேடினால் எந்தெந்தத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். இன்னும் குறுக்கு வழி வேண்டுமானால், ஐ.நா. பொதுச் செயலாளரிடம் ஒப்படைக்கப்பட்ட பலதரப்பு உடன்படிக்கைகளின் நிலவரப் பட்டியலில் இரண்டாம் பகுதி முழுதும் சங்கக் காலத்து உடன்படிக்கைகளுக்கானது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெர்செய்ல்ஸ் இந்தத் தொடரில் இல்லை. பதிவு முறை அதற்குப் பிறகு வந்த உடன்படிக்கைகளுக்கே. வெர்செய்ல்ஸுக்கான வழக்கமான மேற்கோள் ‘225 சி.டி.எஸ். 188’, அது 1919 வரையிலான உடன்படிக்கைகளின் வேறொரு அச்சுத் தொடர். ஒன்றோடொன்று சேர்ந்தவை வெவ்வேறு தொகுதிகளில் சிதறிக் கிடப்பதும் தொல்லை. கிரேக்கர்களையும் துருக்கியர்களையும் கட்டாயமாக இடம் மாற வைத்த 1923 ஜனவரி 30 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் லொசானோடு 28-இல் இருக்கும் என்று தேடினால் ஏமாறுவோம். அது 32-இல் 75-ஆம் பக்கம்.

பெரிய குறை வேறு. பதிந்தது மட்டும்தான் இதில் இருக்கும். சங்கத்தில் இல்லாத நாடுகளின் உடன்படிக்கைகளும் நிறைய வந்திருக்கின்றன. 1922-இல் ஜெர்மனியும் உறுப்பினர் இல்லை, சோவியத்தும் இல்லை. ஆனாலும் ரப்பல்லோ 19-ஆம் தொகுதியில் இருக்கிறது, ஏனென்றால் ஜெர்மனி தானாகவே பதிந்துவந்தது. 1933-இல் சங்கத்தை விட்டு விலகுவதாக அறிவித்த ஜெர்மனியோடு 1935-இல் பிரிட்டன் செய்த கடற்படை உடன்பாடும் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் நூற்றுக்கு 35 என்ற அளவு, நீர்மூழ்கிகளில் 45, சூழ்நிலை கோரினால் சமம் என்பதெல்லாம் இரண்டு கடிதங்களின் பரிமாற்றமாக அங்கே படிக்கலாம். ஆனால் ரப்பல்லோவின் ஆறு பிரிவுகளில் ஜெர்மன் ராணுவமும் செஞ்சேனையும் செய்துகொண்ட ரகசிய ஒத்துழைப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பிரான்ஸ்–போலந்து 1921 பிப்ரவரி 19 அரசியல் உடன்பாடு உண்டு. இரண்டு நாள் கழித்துக் கையெழுத்தான ரகசிய ராணுவ ஒப்பந்தம் இல்லை. 18-ஆம் பிரிவு எதைத் தடுக்க எழுதப்பட்டதோ அது தடைபடவில்லை. தொடரில் இல்லாததை வைத்து ‘அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது.

லொன்டாட் தளம் முற்றிலும் வேறு வகை. இங்கே கிடைப்பது உடன்படிக்கை நடைமுறையில் பட்ட பாடு. 2017 முதல் 2022 வரை நடந்த இந்தத் திட்டம் சுமார் ஒன்றரைக் கோடிப் பக்கங்களை, அலமாரிகளாக அடுக்கினால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளும் காகிதத்தை, மின்வடிவாக்கியது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2009-இல் சேர்ந்த காப்பகம் இது. இவ்வளவையும் எந்த நிறுவன அடையாளமும் கேட்காமல் திறந்து வைத்திருப்பது பெரிய கொடை. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு முதுகலை மாணவர், விமானச் சீட்டு வாங்காமல், செயலக அதிகாரிகள் கோப்பின் ஓரத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட குறிப்புகள் வரை படிக்கலாம்.

தேடும் முறை தெரியாவிட்டால் இதில் தொலைந்துபோவது நிச்சயம். செயலகத்தின் கோப்புகள் மூன்று காலப் பிரிவுகளில் உள்ளன: 1919–1927, 1928–1932, 1933–1946. ஒவ்வொன்றிலும் கோப்பு எண் இடும் முறை மாறுகிறது. ஆகவே முதலில் ஆண்டைத் தீர்மானித்து, அந்தப் பிரிவுக்குள் நுழைந்து, பிறகு துறையைத் தேர்ந்தெடுத்து இறங்க வேண்டும். மேலிருந்து ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் கோப்பின் தலைப்பை வைத்தே முடிவுகள் வரும். தலைப்புகள் அன்றைய எழுத்தர்கள் வைத்தவை. சில ஆங்கிலத்தில், சில பிரெஞ்சில். ஒரே பொருளை இரண்டு மொழியிலும் தேடாவிட்டால் பாதி கைநழுவும். ஊர்ப் பெயர்களுக்கும் இது பொருந்தும். டான்சிக், க்தான்ஸ்க் என்று மாறும் பெயர்களில் அன்று வழங்கிய வடிவத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

அச்சிட்ட சங்க ஆவணங்களின் குறியீட்டைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தொடக்கத்தில் ‘சி’ இருந்தால் கவுன்சிலுக்குப் போனது, ‘ஏ’ என்றால் பேரவைக்கு, ‘எம்’ என்றால் உறுப்பு நாடுகளுக்கு. ஒரே தாள் இரண்டு இடத்துக்கும் போயிருந்தால் இரண்டு எழுத்தும் அதனதன் எண்ணோடு வரும். பின்னால் ஆண்டு. கடைசியில் ரோமன் எண் பொருளைச் சொல்லும்: ஒன்று பி சிறுபான்மையினர், இரண்டு பொருளாதாரமும் நிதியும், மூன்று சுகாதாரம், ஐந்து சட்டம், ஆறு ஏ ஆணைப் பிரதேசங்கள், ஏழு அரசியல், எட்டு போக்குவரத்து, ஒன்பது ஆயுதக் குறைப்பு, பதினொன்று அபினி. 1932 பிப்ரவரி 2 அன்று ஆர்தர் ஹென்டர்சன் தலைமையில் தொடங்கிய ஆயுதக் குறைப்பு மாநாட்டைப் பற்றி வேலை செய்பவர், ஒன்பதில் முடியும் தாள்களை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

இந்தத் தளத்தின் பலத்தைக் காட்ட பெர்ன்ஹைம் மனு நல்ல சோதனை. இரண்டு நாடுகளுக்கிடையே பிரிக்கப்பட்ட மேல் சிலேசியா பகுதி பற்றிய 1922 மே 15-இன் ஜெர்மன்–போலந்து ஜெனீவா ஒப்பந்தம் 606 பிரிவுகள் கொண்டது, 15 ஆண்டுக்கு மட்டும் செல்லும். மற்றச் சிறுபான்மையினர் உடன்படிக்கைகளில் மனு என்பது வெறும் தகவல். கவுன்சில் உறுப்பினர் ஒருவர் எடுத்துப் பேசினால்தான் உயிர். இந்த ஒப்பந்தத்தின் 147-ஆம் பிரிவோ, மனுவைச் சிறுபான்மையினர் நேரே கவுன்சிலிடம் கொடுக்கலாம், கவுன்சில் தீர்ப்புச் சொல்லலாம் என்றது. யூதர் என்பதற்காக கிளைவிட்ஸ் நகரில் வேலை இழந்த ஃப்ரான்ஸ் பெர்ன்ஹைம் 1933 மே மாதம் அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு மனுக் கொடுத்தார். அயர்லாந்தின் ஷான் லெஸ்டர் அறிக்கையாளர். ஜூன் 6 அன்று, ஜெர்மனியும் இத்தாலியும் வாக்களிக்காமல் ஒதுங்க, கவுன்சில் அறிக்கையை ஏற்றது. உள்ளூர் அதிகாரிகள் தவறாக நடந்துவிட்டார்கள் என்று பெர்லின் சொல்ல வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் காலாவதியான 1937 ஜூலை 15 வரை அந்த ஒரு பகுதியில் மட்டும் யூத எதிர்ப்புச் சட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. ஓர் உடன்படிக்கைப் பிரிவு மனிதர்களுக்கு நான்கு ஆண்டு காவலாக நின்றது. இதைப் படிக்க 1933–1946 பிரிவில், சிறுபான்மையினர் துறைக்குள் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும்.

லொகார்னோவுக்கு இதே தளம் ஏமாற்றம் தரும், அதற்குக் காரணம் உண்டு. பேச்சுவார்த்தை சங்கத்துக்கு வெளியே நடந்தது. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் வெளியுறவு அமைச்சர்களான பிரியாண்ட், ஸ்ட்ரெசமான், ஆஸ்டின் சேம்பர்லின் மூவரும் பேசியதற்குச் செயலகம் சாட்சியாக உட்காரவில்லை. ஏற்புறுதி ஒப்படைப்பு, ஜெர்மனியைச் சேர்ப்பது பற்றிய 1926-இன் இழுபறி போன்றவைதான் ஜெனீவாவில் கிடைக்கும். பேச்சுவார்த்தையின் உள்விவகாரத்துக்கு பிரிட்டிஷ், ஜெர்மன் வெளியுறவு அமைச்சகங்களின் ஆவணத் தொகுதிகளைத்தான் நாட வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறைத் தளம் வசதியில் நான்கிலும் முதல். வாசகம் முழுதும் தேடக்கூடிய எழுத்து வடிவம், அச்சுப் பக்க எண்ணும் அப்படியே உண்டு. 1919 பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு 13 தொகுதிகள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலித் தலைவர்கள் கூடிய நால்வர் குழுவின் கூட்டக் குறிப்புகள் 5, 6-ஆம் தொகுதிகளில். 1947-இல் வந்த 13-ஆம் தொகுதி தனிப் பொக்கிஷம்: வெர்செய்ல்ஸின் வாசகத்தைப் பிரிவு பிரிவாகத் தந்து, ஒவ்வொன்றின் கீழும் அது பின்னாளில் என்ன ஆனது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எல்.என்.டி.எஸ்.ஸில் வெர்செய்ல்ஸ் இல்லாத குறையை இது தீர்க்கிறது. போரின் பொறுப்பை ஜெர்மனி மேல் சுமத்திய 231-ஆம் பிரிவைப் படித்தால் இழப்பீட்டின் கதை முழுதும் கூடவே வருகிறது.

கெல்லாக்–பிரியாண்டுக்கு 1928-இன் முதல் தொகுதியைத் திறக்காமல் பேசவே கூடாது. 1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் 15 பேர் கையெழுத்திட்ட அந்த உடன்படிக்கை மூன்றே பிரிவு. இந்தியாவும் அந்த 15-இல் ஒன்று. வாசகத்தில் தற்காப்பு என்ற சொல்லே கிடையாது. தற்காப்பு ஒவ்வொரு நாட்டின் இயல்பான உரிமை, அதைத் தானே தீர்மானிக்கலாம் என்பதை வாஷிங்டன் ஜூன் 23 குறிப்பில் எழுதியது. தன் நலனுக்கு முக்கியமான உலகப் பகுதிகள் சில உண்டு, அங்கே பிறர் தலையிடுவதைப் பொறுக்க முடியாது, தன் செயல் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கவும் முடியாது என்று லண்டன் மே 19 கடிதத்தில் எழுதியது. இந்தக் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் போர் எந்த அளவுக்குத் தடைசெய்யப்பட்டது என்பது தெளிவாகும். இந்தத் தளத்தின் வரம்பும் வெளிப்படையானது: எல்லாம் அமெரிக்கக் கண் வழியாக. அமெரிக்கா வெர்செய்ல்ஸை ஏற்கவில்லை, சங்கத்திலும் சேரவில்லை. அதனால் 1920-களின் ஐரோப்பிய விவகாரங்கள் பலவற்றில் இது வெளியே நின்று கேட்டவரின் குறிப்பாகவே இருக்கும்.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, நான்கு தளங்களுக்கும் பொருந்தும். வெர்செய்ல்ஸில் பிரெஞ்சும் ஆங்கிலமும் சம அதிகாரம் கொண்டவை. ஆஸ்திரியாவோடு செய்த செயின்ட் ஜெர்மைனிலும் ட்ரியனானிலும் இத்தாலிய வாசகமும் உண்டு; வேறுபாடு வந்தால், சங்க சாசனமும் தொழிலாளர் பகுதியும் நீங்கலாக, பிரெஞ்சு வாசகமே செல்லும். ட்ரியனானின் எல்லைப் பிரிவுகளையோ சிறுபான்மையினர் பிரிவுகளையோ வைத்து வாதம் செய்கிறவர் ஆங்கிலப் பக்கத்தோடு நிறுத்தாமல் எதிர்ப் பக்கத்துப் பிரெஞ்சையும் பார்த்தாக வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துத் தருவது எல்.என்.டி.எஸ்.தான். அவலானில் ஆங்கிலம் மட்டுமே.